நான்காம் பத்தில் ஒரு குளிர்ந்த மணி

என் வயதுக்காரிகளே, நம் ஜெபக்கூட்டத்தில் ஆளுக்கொரு பழைய கதை எழுதிக்கொண்டு வரச் சொன்னார்கள். வாயால் சொன்னால் போதாதா என்று கேட்டேன். போதாதாம். நான் ஐந்தாம் வகுப்பு வரை போனவள். அதற்குமேல் போகாததற்காக யாரும் எனக்கு இரக்கப்பட வேண்டாம். நாலு பிள்ளைகளை ஆளாக்கினேன், எந்த ஆபீசிலும் கைநாட்டு வைத்ததில்லை. ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு பகல் ஆகும். ஆகட்டும், பகல்கள் இருக்கின்றன.

எங்கள் வீட்டில் மகன் வாங்கிப் போட்ட இன்வெர்ட்டர் ஒன்று இருக்கிறது. கரண்ட் போனால் அதற்குள் ‘டக்’ என்று ஒரு சத்தம். கரண்ட் வந்தால் இன்னொரு ‘டக்’. அந்தச் சத்தம் கேட்டால் நான் செய்துகொண்டிருக்கிற வேலை நின்றுவிடும். அரிசி களைந்தால் அரிசிக்குள்ளேயே கை நிற்கும். மருமகள் பார்த்துவிட்டு, “என்ன மாமி?” என்பாள். “எலி” என்பேன். பத்து வருஷமாக எலி என்றுதான் சொல்லி வருகிறேன். அவளும் மூன்று பொறி வாங்கி வைத்துப் பார்த்தாள். ஒன்றும் விழவில்லை.

அந்தச் சத்தத்தை எனக்குப் பத்து வயதிலேயே தெரியும்.

எங்கள் வீட்டுப் பின்வாசலில் நின்றால் வட்டக்கோட்டை மதில் தெரியும். அப்பாவுக்கு ஒரு வள்ளம் இருந்தது. அப்பாவோடு சேர்த்து நாலு பேர் அதில் மீன்பிடிக்கப் போவார்கள். அம்மாவின் தம்பி, என் மாமா, கப்பலில் வயர்லெஸ் வேலை பார்த்தவர். இரும்புக் கயிறு அறுந்து அடித்ததில் வலது கால் வளைந்து போய்க் கரைக்கு வந்துவிட்டார். வலை போடுகிற அறையை அம்மா அவருக்கு ஒழித்துக் கொடுத்தாள். மாமா அதற்குள் பலகைகளையும் கம்பிச் சுருள்களையும் ஒரு கார் பாட்டரியையும் கொண்டுவந்து நிரப்பினார். சர்க்கார் முத்திரை வைத்த அனுமதிக் காகிதம் ஒன்றைக் கண்ணாடி போட்டு, மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். மாதாவுக்கு ஒரு சாண் கீழேதான் மாட்ட வேண்டும் என்று அம்மா சொன்னாள். அப்படியே மாட்டினார்.

இரண்டு தென்னைகளுக்கு நடுவே உயரத்தில் ஒரு செம்புக் கம்பி கட்டினார். எதிர்வீட்டுப் பெரியம்மா அன்றே வந்துவிட்டாள். அவள் அப்பாவின் அண்ணன் பெண்சாதி. வாய்க்குப் பேர் போனவள்.

“எதுக்குவே இந்தக் கம்பி? நெத்திலி காயப் போடவா?”

“பேசுகதுக்கு, மைனி.”

“யாருக்கூட?”

“கொச்சியில ஒருத்தரு இருக்காரு.”

“கடப்புறத்துல இம்புட்டு ஆளு கெடக்கு. பேச ஆளு கெடைக்காமயா கொச்சிக்குப் போற?” பிறகு அம்மாவிடம் திரும்பி, “ஒந் தம்பி சுவத்தோட பேசுகான் பிள்ளே. கால்ல அடிச்ச கயிறு தலையிலயும் அடிச்சிருக்கும்” என்றாள்.

தினமும் காலையில் கோவில் மணி அடித்ததும் மாமா உட்காருவார். மரக்கட்டை ஒன்றில் விரலை வைத்துத் தட்டுவார். ஒரு மணி நேரம்தான். வெயில் ஏறிவிட்டால் கொச்சிக்காரரின் சத்தம் கலைந்து போகும், அவரும் வேலைக்குப் போய்விடுவார். நாங்கள் பார்க்காத அந்த மனிதர் எங்கள் வீட்டில் ஒரு ஆளாகவே ஆகிவிட்டார். அவருக்குப் பெண் பிறந்ததும், பிள்ளைக்கு மஞ்சள் காமாலை வந்து இறங்கியதும் எங்களுக்குத் தெரியும். “அவரு மீன் திங்கிற ஆளா? கேளு” என்று அம்மா ஒருநாள் சொன்னாள். மறுநாள் பதில் வந்தது. தின்பாராம், ஆனால் மத்தி ஒத்துக்கொள்ளாதாம். அம்மாவுக்கு அவர்மேல் இருந்த மதிப்பு அன்றோடு குறைந்தது.

அறைக்குள் ஈயம் உருகுகிற வாடை இருக்கும். ஈயத்தோடு மாமா குங்கிலியம் சேர்ப்பார். அதனால் அந்த அறை பாதி மீன்வலையாகவும் பாதி கோவிலாகவும் மணக்கும்.

இனி அந்தச் சத்தத்தைச் சொல்கிறேன். பேசுவதற்கும் கேட்பதற்கும் வெளியே இருந்தது ஒரே கம்பிதான். மாமா கட்டையை அமுக்கினால் கம்பி பேசுகிற பெட்டியோடு சேரும். விட்டால் கேட்கிற பெட்டிக்குத் திரும்பும். அப்படி மாற்றிவிடுகிற இரும்பு நாக்கு ஒன்று பிஸ்கட் டின்னுக்குள் இருந்தது. அதை மாமா ரிலே என்பார். கம்பி சுற்றிய காந்தம் அந்த நாக்கை இழுக்கும்போதும் விடும்போதும் ‘டக்’, ‘டக்’ என்று அடிக்கும். காந்தத்துக்குக் கரண்ட் கொடுப்பதும் நிறுத்துவதும் மூன்று கால் வைத்த ஒரு சின்ன மொட்டின் வேலை. அதுதான் டிரான்சிஸ்டர். பம்பாயிலிருந்து வரவழைத்தது. போட்டிருந்தது ஒன்று, கைவசம் ஒன்று. மாமா அந்த இரண்டாவதைப் பஞ்சில் பொதிந்து தீப்பெட்டிக்குள் வைத்திருந்தார்.

பெரியம்மா அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சிலுவை போட்டாள். “செத்தவன் வெரல் மடக்குக சத்தம்லா இது” என்றாள்.

அந்த டின்னுக்குள் இன்னொன்றும் இருந்தது. காந்தத்தின் அடியில், அதன் இரண்டு முனைக்கும் குறுக்கே, ஒரு கண்ணாடி மணி. நெல்லைவிடச் சற்றுப் பெரியது. ஒரு பக்கத்தில் கறுப்பு வளையம். இரண்டு நுனியிலும் மெல்லிய கம்பிக் கால். எனக்கு அது மணியாகத்தான் தெரிந்தது.

ஐப்பசி பிறந்திருந்தது. உங்களுக்குத் தெரியாததா, அது ஜெபமாலை மாதம். வீட்டுக்கு வீடு ஜெபமாலை. எங்கள் அம்மாவின் வழக்கம் அதைவிடக் கடுமையானது. அப்பாவின் வள்ளம் அலை தாண்டினதும் ஜெபமாலையைக் கையில் எடுப்பாள். வள்ளம் திரும்பிக் கரை தொட்ட பிறகுதான் அது ஆணிக்குப் போகும். உலை வைக்கும்போதும் ஒரு கை அதில்தான் இருக்கும். அவளுடைய மாலை பலதடவை அறுந்து ஒட்டுப்போட்டது. அதில் மரமணியும் உண்டு, பவழமும் உண்டு, யாரோ கொடுத்த நீலப் பிளாஸ்டிக் மணியும் உண்டு. எந்த மணி என்று பார்க்கவே மாட்டாள். பத்துப் பத்தாக, ஐந்து பத்தையும் விரலால் எண்ணுவாள். மணி மட்டும் குறையக் கூடாது. “ஒரு மணி கொறஞ்ச மாலை ஓட்ட வள்ளம்” என்பாள்.

அந்த மாலையை எடுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கழுத்தில் போட்டுக்கொண்டேன். கண்ணாடியில் அழகு பார்க்க ஆசை. கதவுக் கொண்டியில் மாட்டி ஒரு மரமணி பிளந்து இரண்டாகக் கீழே விழுந்தது. நான்காம் பத்தில் ஏழாவது மணி. மறுநாள் விடியும்போது அப்பா கடலுக்குப் போகிறார். அம்மா கோவிலிலிருந்து வர அரை மணி நேரம் இருக்கும். மாமா நாகர்கோவிலுக்குப் போயிருந்தார்.

நான் அடியைப் பற்றி நினைக்கவில்லை. ஓட்டை வள்ளத்தைத்தான் நினைத்தேன். அப்பாவுக்காகத்தான் அந்த அறைக்குள் போனேன். இதை நீங்கள் நம்ப வேண்டும்.

கண்ணாடி மணியின் கால்களை முன்னும் பின்னும் ஆட்டினேன். ஒன்று ஈயத்தோடு பெயர்ந்தது. மற்றொன்று பாதியில் ஒடிந்தது. ஜெபமாலையில் மணிக்கு மணி கம்பி வளையம் கோத்திருப்பார்கள் அல்லவா, அந்த மணிக்குக் காலே கம்பி. வளைத்து மாட்டினேன். அதற்காகவே செய்துவைத்தது போல உட்கார்ந்துகொண்டது. மாலையை ஆணியில் மாட்டிவிட்டு வெளியே போய் விளையாடினேன்.

திங்கள் காலை அப்பா வள்ளத்தைத் தள்ளினார். அம்மா மாலையை எடுத்தாள். மாமா வழக்கம்போல உட்கார்ந்தார். ‘டக்’, ‘டக்’ என்று நன்றாகத்தான் அடித்தது. எனக்குப் பயம் விட்டுப் போயிற்று. அந்த மணி சும்மா அழகுக்கு இருந்தது போல என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் வாடைக்காற்று திரும்பியது. சாயங்காலத்துக்குள் கடல் எங்கள் முற்றத்துக்கு வந்துவிட்டது. வர வேண்டிய வள்ளங்கள் ஒவ்வொன்றாக வந்து மோதின. அப்பாவின் வள்ளம் வரவில்லை. காற்று தென்மேற்காகத் தள்ளுகிறது, கப்பல் போகிற பாதைக்குப் போயிருப்பார்கள் என்று கரையில் சொன்னார்கள். தபால் ஆபீசில் தந்திக் கம்பி அறுந்து கிடந்தது. ரோட்டில் மரங்கள்.

செவ்வாய் காலை கோவில் மணி அடிக்கும் முன்பே மாமா உட்கார்ந்துவிட்டார். கொச்சிக்காரரிடம் சொன்னால் அவர் துறைமுகத்தில் சொல்வார், துறைமுகத்திலிருந்து கப்பல்களுக்குப் போகும். வாசலில் ஊரே நின்றது. பெரியம்மாவும் நின்றாள். அன்று அவள் வாயைத் திறக்கவில்லை.

‘டக்.’ ‘டக்.’ நாலைந்து தடவை அடித்தது. பிறகு மாமா கட்டையை அமுக்கினார், சத்தம் வரவில்லை. மறுபடி அமுக்கினார். வரவில்லை.

“என்னலே ஆச்சு?” என்றாள் அம்மா.

“டிரான்சிஸ்டர் போச்சு அக்கா. ஒரு நிமிசம்.”

தீப்பெட்டியைத் திறந்து பஞ்சைப் பிரித்தார். சூட்டுக்கோலைக் கரியில் காய்ச்சிப் புதியதைப் பற்றவைத்தார். ‘டக்’ என்று அடித்ததும் வாசலில் நின்றவர்கள் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. கொச்சிக்காரர் கிடைத்தாரோ, கிடைக்கிற நேரமோ, அதுவும் நின்றது. வெயில் ஏறியது. கேட்கிற பெட்டியில் வெறும் இரைச்சல்.

அன்று மத்தியானம் மாமா அந்த டின்னைத் தலைகீழாகத் திருப்பி வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். ஒடிந்த காலின் மிச்சத்தை நகத்தால் தொட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“ஏட்டி, இந்த டப்பாவ யாராவது தொட்டாவளா?”

“இல்ல மாமா.”

“இதுக்குள்ள சின்னதா ஒரு கண்ணாடிச் சாமானம் கெடந்துது.”

“எலி எடுத்திருக்கும்” என்றேன்.

என்னைப் பார்த்தார். நான் பின்வாசலைப் பார்த்தேன்.

“எலியாத்தான் இருக்கும்” என்றார்.

புதன் காலை மாமா டிரான்சிஸ்டரையே பிடுங்கி எறிந்துவிட்டு, காந்தத்துக்குப் போகிற இரண்டு கம்பியை இடது கையால் தொட்டும் விலக்கியும், வலது கையால் தந்தி தட்டினார். தொட்டு விலக்கும்போதெல்லாம் நீலமாய்ப் பொறி பறந்தது. விரல் நுனி கறுத்தது. கொச்சிக்காரர் கிடைத்தார். சேதி போயிற்று.

அன்று முழுவதும் அம்மா ஜெபமாலையோடு கிடந்தாள். நான்காம் பத்தில் வந்து வந்து நின்றாள்.

“ஒரு மணி மட்டும் குளிருகு” என்றாள். “மத்ததெல்லாம் என் கைச் சூட்டுல கெடக்கு. இது மட்டும் தண்ணிக்குள்ள கெடந்த மாதிரி.”

பெரியம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அது மரம் இல்லை கண்ணாடி, அதனால் குளிர்கிறது என்று சொல்ல எனக்கு மட்டும்தான் முடியும். சொல்லவில்லை.

வியாழன் காலை ஒரு கப்பல் எங்கள் வள்ளத்தைக் கண்டது. கவிழ்ந்து கிடந்த வள்ளத்தின்மேல் மூன்று பேர். நாலாவது ஆளான அப்பா நேற்றுச் சாயங்காலம் வரை இருந்தார் என்று அவர்கள் சொன்னார்கள். பிறகு கை விட்டுவிட்டதாம்.

நேற்றுச் சாயங்காலம் வரை. இந்த வார்த்தையை எங்கள் வீட்டில் யாரும் கூட்டிக் கழித்துப் பார்க்காமல் இருக்கவில்லை. செவ்வாய்க்கிழமை சேதி போயிருந்தால் புதன்கிழமை கண்டிருப்பார்கள். கண்டிருப்பார்களோ, இல்லையோ. கடல் யாருக்கும் கணக்குச் சொல்லாது. ஆனால் ஒரு நாள் பிந்தியது. அந்த ஒரு நாளுக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது.

ஆளைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. வானத்தில் கம்பி கட்டிக் காற்றை வலித்து இழுத்தவன் அவன்தான் என்று ஊரில் சொன்னார்கள். சேதி சொல்லி மூன்று உயிர் பிழைத்ததை அந்த மூன்று வீட்டாரே மறந்தார்கள். அம்மா காற்றைச் சொல்லவில்லை. அவள் கேட்டது ஒன்றுதான். முப்பதாம் நாள் பூசை முடிந்து வந்து, கைகால் கழுவாமல், அறை வாசலில் நின்று கேட்டாள்.

“வருசம் முழுக்க அடிச்ச சவம் அன்னைக்கு மட்டும் எப்பிடிலே நின்னுது?”

மாமா தரையில் உட்கார்ந்து கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவர் எதிரே அம்மாவின் கையிலிருந்து ஜெபமாலை தொங்கியது. காற்றில் மெல்ல ஆடியது. அவர் அதைத்தான் பார்த்தார். அம்மா முகத்தைப் பார்க்கவில்லை. கையை நீட்டி மாலையைப் பிடித்தார். ஒவ்வொரு மணியாகத் தள்ளிக்கொண்டே போய் ஒன்றில் விரலை நிறுத்தினார்.

அம்மா இழுத்துக்கொள்ளவில்லை. தம்பி ஜெபம் சொல்லப் போகிறான் என்று நினைத்திருப்பாள்.

“பத்தவச்சதுல என் கைத்தப்பு அக்கா” என்றார். மாலையை அவள் கைக்குள் வைத்து மூடினார். “இது அறுந்துராம பாத்துக்கிடு.”

“எனக்குத் தம்பி இல்ல” என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போனாள்.

மாமா தென்னையிலிருந்து கம்பியை அறுத்து இறக்கினார். அருமனைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் அளக்கிற வேலைக்குப் போனார். இரண்டு பஸ் மாறினால் போய்விடலாம். அம்மா ஒருதடவைகூட மாறவில்லை. அவர் அங்கே ரேடியோ என்று எதையும் தொடவில்லை என்று கேள்வி. கலியாணம் கட்டவில்லை. செத்துப்போன சேதி வந்த அன்றைக்கும் அம்மா போகவில்லை. ஜெபமாலை சொன்னாள். நான்காம் பத்தில் நிறுத்தி, கையை முந்தானையில் துடைத்துவிட்டு, மீதியைச் சொன்னாள்.

அம்மா போனபோது அவள் கையில் மாலையைச் சுற்றியவள் நான்தான். அந்த மணி என் விரலில் பட்டது. அப்போதும் குளிர்ந்துதான் இருந்தது. பெட்டியை மூடினார்கள்.

இத்தனை வருஷமும் நான் ஒரு மணி திருடினேன் என்றுதான் அறிந்திருந்தேன். அது என்ன மணி என்று அறியவில்லை. டின்னிலிருந்து ஒரு அழகுச் சாமான் போனதற்கும் டிரான்சிஸ்டர் கெட்டதற்கும் முடிச்சுப் போட எனக்குத் தெரியாது. ஆனாலும் ‘டக்’ என்றால் கை நின்றது. தலைக்குத் தெரியாதது கைக்குத் தெரிந்திருக்கும் போல.

போன மாசம் இன்வெர்ட்டர் கெட்டது. சரிசெய்ய ஒரு பெண்பிள்ளை வந்தாள். திருவட்டாறுக்காரி, பாலிடெக்னிக் படித்தவள். பலகையை வெளியே எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“அந்த டக்குன்னு அடிக்குகது எது மக்கா?”

“இதா, இந்த நீலப் பெட்டி. ரிலே.”

அதன் பக்கத்தில் ஒரு சின்ன மணி. கறுப்பு உடம்பு, வெள்ளை வளையம். நிறம்தான் வேறு. விரல் நீட்டிக் காட்டினேன்.

“இது என்னத்துக்கு?”

“டயோடு அம்மா. இதுதான் இப்ப வெடிச்சிருக்கு. ரிலேக்குள்ள கம்பிச் சுருள் உண்டுல்லா? கரண்ட் குடுக்கும்போ அது சும்மா இருக்கும். நிறுத்தும்போதான் திருப்பி உதைக்கும். பாட்டரி பன்னெண்டு வோல்ட்டுதான், உதை நூறுக்கு மேல வரும். அந்த உதையை இந்த டயோடு வாங்கிக்கிட்டு உள்ளயே சுத்த விட்டுரும். டிரான்சிஸ்டருக்கு ஒண்ணும் ஆவாது.”

“இது இல்லாட்டி?”

“ஒரு நாளு ஓடும். பின்ன டிரான்சிஸ்டர் போவும். புதுசு போட்டாலும் போவும்.”

“புதுசு போட்டாலும் போவுமா?”

“போவும் அம்மா. இது இல்லாம எத்தன போட்டாலும் போவும். ஏன், உடம்புக்கு வல்லதும் செய்யுகா உங்களுக்கு? தண்ணி கொண்டு வரச் சொல்லட்டா?”

நான் தண்ணீர் குடித்தேன். அவள் புது மணியைப் பற்றவைத்தாள். குங்கிலியப் புகை எழும்பியது. மருமகளிடம், “எலியெல்லாம் ஒண்ணும் இல்லக்கா, ரிலே சத்தம்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மாமா ஊரைவிட்டுப் போன காலையை இன்னும் எழுதவில்லை. பஸ்ஸுக்கு அவருடைய தகரப் பெட்டியை நான்தான் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு போனேன். வளைந்த காலோடு அவரால் வேகமாக நடக்க முடியாது. நானும் மெல்ல நடந்தேன். பஸ் வந்ததும் பெட்டியை ஏற்றிவிட்டு, படியில் நின்றபடி என் தலையில் கையை வைத்தார். புதன்கிழமை கருகிய விரல்கள். தோல் உரிந்து புதுத்தோல் வந்திருந்தது.

“ஏட்டி, நீ ஒண்ணும் எடுக்கல்ல. கேட்டியா? யாரு கேட்டாலும் எலிதான். அம்மா கேட்டாலும் எலிதான்.”

மாமாவுக்கு ஒன்றும் தெரியவில்லை, தப்பித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு வழியெல்லாம் குதித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போயிற்று. ‘டக்’ என்றது. மருமகள் அடுக்களையிலிருந்து தலையை நீட்டி, “என்ன மாமி?” என்றாள்.

எலி இல்லை, நான்தான் என்றேன்.